கரகம் ஆடுகிறவருக்கு அடிபட்டால்: செட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்மாவட்டங்களில் நையாண்டி மேளத்தோடு கரகம் ஆடும் செட்டுகள் (ஆட்டக்காரர்களும் மேளக்காரர்களும் சேர்ந்த குழுக்கள்), தை பிறந்து கிளம்பினால் ஆடி, ஆவணி வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். மாசிக் களரி, பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, ஆடிக் கொடை என்று வரிசையாக வரும் இந்த மாதங்களில் சம்பாதிப்பதை வைத்துத்தான் புரட்டாசியையும் மார்கழியையும் ஓட்ட வேண்டும். நடுவில் ஒருவருக்குக் கால் போனால் அந்த வருடமே போனதுபோலத்தான்.

எங்கள் செட்டில் மூத்த கரகமாக ஆடும் அக்காவுக்கு ஒரு பங்குனிப் பொங்கல் ஆட்டத்தில் முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. அந்தச் சீசன் முழுவதும் செட்டு அவரை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது பக்கத்து மாவட்டங்களுக்கும் தெரிந்துபோனதால், அடிபட்ட நேரத்தில் என்ன செய்வது என்று செட்டை நடத்தும் வாத்தியார்கள் பலர் எங்களைக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறோம்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

மேளத்தைச் சட்டென்று நிறுத்தினால் கூட்டம் முழுவதும் விழுந்தவர் மேல் வந்து மொய்த்துவிடும். தவில்காரர் நடையை மாற்றிக் குறவன் குறத்தி வேடம் போட்டு ஆடுகிறவர்களை எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டால் கண்கள் அங்கே திரும்பும். அதற்குள் செட்டுப் பெண்கள் இரண்டு பேர் அவரை ஓரமாகக் கொண்டுபோய்விடலாம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது, காலை அசைக்க முடிகிறதா என்று முதலில் அவரைக் கேளுங்கள்.

அடுத்த வேலை சலங்கையைக் கழற்றுவது. கணுக்கால் வீங்க ஆரம்பித்தால் சலங்கை வார் சதைக்குள் பதிந்து ரத்த ஓட்டத்தை நெரிக்கும். வியர்வையில் ஊறிய தோல்வாரின் முடிச்சு அவ்வளவு லேசில் அவிழாது. அவிழவில்லை என்றால் வாரை அறுத்துவிடுங்கள். சலங்கையைக் கும்பிட்டுக் கட்டுகிறவர்கள் நாம், அதன்மேல் கத்தி வைக்கக் கை வராது. எங்கள் அக்காவே "அறுக்காதே தம்பி, அவிழ்த்துப் பாரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாரைத் திரும்பத் தைத்துக்கொள்ளலாம்.

திருவிழாக் கடைகளில் ஐஸ் கிடைக்கும். துண்டில் சுற்றி வீக்கத்தின்மேல் இருபது நிமிடம் வைத்து எடுங்கள். காலை உயரமாக வைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்க ஊரில் ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். அன்பாகத்தான் வருகிறார், ஆனாலும் அன்று வேண்டாம். அடிபட்ட காலை ஊன்றி நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தலையில் அடிபட்டு மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் 108 வரும்வரை படுத்தபடியே அசையாமல் இருக்கட்டும்.

புத்தூர் கட்டுப் போட்டால் போதும் என்கிறார்களே?

புத்தூர் கட்டுமேல் நம் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை இன்று நேற்று வந்ததல்ல. ஆந்திராவில் சித்தூர்ப் பக்கமுள்ள புத்தூரின் பெயரைச் சொல்லி நம் ஊர்களிலும் கட்டுப் போடுகிறார்கள். அதைப் பழித்துப் பேச வரவில்லை. ஆனால் எலும்பு எங்கே, எப்படி முறிந்திருக்கிறது என்று தெரியாமல் கட்டினால் விலகிய எலும்பு விலகியபடியே கூடிவிடும். ஆடுகிற கால் அப்படிக் கூடினால் அதற்கு அப்புறம் ஆட்டமே கிடையாது. முழங்கால் சவ்வு கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயிலும் தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். முதலில் எலும்பு மருத்துவர் பார்க்கட்டும், மற்றதைப் பிறகு யோசிக்கலாம்.

எந்தக் கட்டாக இருந்தாலும் சரி, மாவுக்கட்டாக இருந்தாலும் சரி, கால் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ கட்டு ரத்த ஓட்டத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் காலே போய்விடும்.

அறுவை சிகிச்சை என்கிறார்கள். பணத்துக்கு எங்கே போவது?

வட்டிக்காரரிடம் போவதற்கு முன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நம் கலைஞர்களில் பெரும்பாலோர் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கிய வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். அட்டை எடுக்காமல் அடிபட்டுவிட்டால் அவர் படுக்கையில் இருக்கும்போது செட்டுக்காரர் ஒருவர் இதே வேலையாக அலைய வேண்டியிருக்கும். அந்த ஆளை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

எந்த அறுவை சிகிச்சை திட்டத்தில் வருகிறது என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம். சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

மருத்துவமனைச் செலவு மட்டும்தான் இப்படித் தீரும். பஸ் கட்டணம், கூட இருப்பவருக்குச் சாப்பாடு, வீட்டு வாடகை, பிள்ளைகளின் செலவு எதுவும் எந்த அட்டையிலும் வராது. வட்டிக்காரர் கதவைத் தட்ட வைப்பது இந்தச் சில்லறைச் செலவுகள்தான். செட்டுப் பணம் போக வேண்டிய இடமும் இதுதான்.

ஆட்டம் முடிந்து வரும் வழியில் வண்டி கவிழ்ந்து அடிபட்டால்?

களத்தில் விழுவதைவிட ராத்திரிப் பயணம்தான் எங்களுக்குப் பெரிய பயம். விடியற்காலை மூன்று மணிக்கு, தூங்காத ஓட்டுநர், தூங்கி விழும் கலைஞர்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால், காப்பீட்டு அட்டை இருக்கிறதோ இல்லையோ, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதை ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்.

தீர்ப்பாயத்தில் கேட்கும் பெரிய கேள்வி, "மாதம் எவ்வளவு சம்பாதித்தீர்கள், ஆதாரம் என்ன?" என்பது. நமக்கு ஏது சம்பளச் சீட்டு? செட்டின் பெயரும் ஆடுகிறவர் பெயரும் போட்டு ஊர்க்காரர்கள் அடித்த திருவிழா நோட்டீஸ், அச்சாரம் வாங்கியபோது எழுதிய சீட்டு, போனில் பணம் வந்த விவரம், நலவாரிய அட்டை இவைதான் நம் ஆதாரம். ஒவ்வொரு ஊர் நோட்டீஸிலும் ஒன்றை மடித்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. மேளத்தோடு மேளமாகக் குட்டி யானையின் பின்னால் ஏறிப் போகிறோமே, அது சரக்கு வண்டி. சரக்கு வண்டியில் பயணியாக ஏறிப்போனவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேன் வாடகை கூடுதல்தான். ஊர்க்காரர்களிடம் பேசும்போதே அதைத் தொகையில் சேர்த்துக் கேளுங்கள்.

கரகம் கீழே விழுந்தது தெய்வக் குற்றம் என்று ஊர்க்காரர்கள் கோபப்படுகிறார்கள். என்ன சொல்வது?

இதைப் பொறுமையாகப் பேச வேண்டும். ஊருக்காக நீர்நிலையில் ஜோடித்து, விரதம் இருந்தவர் தலையில் ஏற்றி வருவது சக்திக் கரகம். அது விழுந்தால் ஊர் கலங்குவது இயற்கை. நம் தலையில் இருப்பது ஆட்டக் கரகம். செம்பில் அரிசியோ மணலோ போட்டு, மேலே பூக்கூடும் கிளியும் வைத்தது. அதில் அம்மனை அழைக்கவில்லை, அழைத்ததாக நாமும் சொல்லிக்கொள்வதில்லை. ஊர்ப் பெரியவர்களில் பலருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கூட்டத்தில் வாதம் பண்ணாமல், வயதான ஒருவரைத் தனியே பார்த்துச் சொன்னால் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்.

பரிகாரத்துக்கு என்று அடிபட்டவரிடமே பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்து விளக்கேற்ற வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டால் செட்டுச் செலவில் செய்யுங்கள். அவர் மனதுக்கு அது தேவையாக இருக்கலாம். குற்றம் செய்தவர் என்ற பெயரோடு மட்டும் அவரை அந்த ஊரை விட்டு அனுப்பாதீர்கள். கரகம் ஆடும் பெண்களுக்கு ஊர் வைக்கும் பெயர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கின்றன.

அச்சாரம் வாங்கிய ஊர்களுக்கு என்ன பதில் சொல்வது?

உண்மையை, உடனே. வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரம் வாங்கியாயிற்று, நோட்டீஸில் அவர் பெயர் ஏறியாயிற்று. ஆட்டத்தன்று வேறு ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் சண்டைதான் வரும். அடிபட்ட மறுநாளே ஒவ்வொரு ஊர்க் கமிட்டிக்கும் வாத்தியார் போன் போட வேண்டும். இன்னார் வரமாட்டார், அவருக்குப் பதில் இன்னார் வருவார், ஒப்புதலா என்று கேட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் சரி என்பார்கள். மறுக்கிற ஊருக்கு அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பதில் ஆளாக வருகிறவர் பெரும்பாலும் வேறு செட்டிலிருந்துதான் வருவார். அவரிடமும் பேச வேண்டியது உண்டு: இந்த இடம் அக்காவுடையது, அவர் திரும்பும் வரைக்கும்தான் நீங்கள். எங்களுக்கு வந்த பெண், போகும் ஊரிலெல்லாம் மைக்கில் அக்கா பெயரைச் சொல்லி, "அவங்க இடத்துல நான் ஆடுறேன்" என்று கும்பிட்டுத்தான் ஆரம்பித்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சீசனில் சில ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு அக்காவுக்கு என்று தனியாகப் பணம் கொடுத்தனுப்பினார்கள்.

படுத்திருப்பவருக்குப் பங்கு கொடுப்பதா? எவ்வளவு?

இந்தப் பக்கத்தை நாங்கள் எழுதியதே இந்தக் கேள்விக்காக என்றுகூடச் சொல்லலாம். பெரும்பாலான செட்டுகளில் நடப்பது இதுதான்: அடிபட்ட அன்று எல்லோரும் சட்டைப்பையில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள், வாத்தியார் ஒரு தொகை கொடுப்பார், ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு நடை. பத்து நாளில் அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று செட்டு போய்விடும். படுத்திருப்பவருக்கு அதற்கு அப்புறம் இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறது.

மொத்தமாக ஒருமுறை கொடுப்பதைவிட, ஆட்டத்துக்கு ஆட்டம் சிறிய பங்கு தொடர்ந்து போவது நல்லது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அவர் பெயர் கணக்கு நோட்டில் இருக்கிறவரை அவர் செட்டில் இருக்கிறார். நாங்கள் செய்தது, வழக்கமாக அவருக்குப் போகும் சம்பளத்தில் பதில் ஆளுக்கு முக்கால், அக்காவுக்குக் கால். அது போக மேளக்காரர், குறவன் குறத்தி, வாத்தியார் எல்லோரும் தங்கள் பங்கிலிருந்து ஆட்டத்துக்கு ஐம்பதோ நூறோ போட்டோம். விடியற்காலை பணம் பிரிக்கும்போது நோட்டில் எல்லார் பெயரோடும் அக்கா பெயரையும் வாசித்து, அங்கேயே போனில் அனுப்பிவிடுவோம். காலையில் எழுந்ததும் எந்த ஊரில் ஆட்டம் முடிந்திருக்கிறது என்று அவருக்கு அந்தத் தகவலிலேயே தெரியும்.

கூட்டத்தில் ஆடுகிறவர் உடையில் குத்தும் அன்பளிப்புப் பணம் வேறு கணக்கு. அது ஆடுகிறவருக்கே சேரட்டும். அதிலும் கை வைத்தால் பதில் ஆள் மனம் கசந்துபோவார்.

சீசனுக்கு முன்னாலேயே அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அதை என்ன செய்வது?

கார்த்திகையில், மார்கழியில் கையில் காசு இல்லாத நேரம் பார்த்து வாத்தியார் அட்வான்ஸ் கொடுப்பதும், சீசனில் ஆடிக் கழிப்பதும் நம்மிடையே உள்ள ஏற்பாடு. ஆட முடியாமல் போனதும் அந்த அட்வான்ஸ் கடனாக மாறிவிடுகிறது. கொடுத்த வாத்தியாரும் பல நேரம் வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்திருப்பார். இரண்டு பக்கமும் கஷ்டம் இருக்கிறது.

அவர் எழுந்து நடக்கும்வரை அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். பிறகும், அடுத்த சீசனில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கழித்துக்கொள்ளலாம். இந்தக் கடனுக்குப் பயந்துதான் கால் ஆறுவதற்குள் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு களத்தில் இறங்குகிறார்கள். முழுசாகக் கெட்டுப்போன முழங்கால்களில் பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஓர் அட்வான்ஸ் இருக்கும். வெளியே கந்துவட்டிக்கு வாங்கியிருந்து மிரட்டல் வந்தால், 2003-ஆம் ஆண்டே அதைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்து காவல் நிலையம் போங்கள். அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் போட்டு வசூல் செய்யலாமா?

செய்யலாம், அவரைக் கேட்டுவிட்டு. ஆட்ட உடையில், விழுந்து கிடக்கும் நிலையில் எடுத்த படத்தைப் போடவே கூடாது. அந்தப் படம் எங்கெங்கோ போகும், கீழே யார் யாரோ எழுதுவார்கள், நாளைக்கு அவர் பிள்ளைகள் பார்ப்பார்கள். முகம் தெரியும் ஒரு நல்ல படம், என்ன அடி, எவ்வளவு தேவை, அவர் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு. இது போதும். வேறொருவர் கணக்கில் வாங்கினால் கண்டிப்பாகச் சண்டை வரும். தேவையான தொகை சேர்ந்ததும் "போதும், நன்றி" என்று அதே குரூப்பில் போட்டு நிறுத்துங்கள்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆடி மாதம் மொய் விருந்து பெரிதாக நடக்கும். மொய் என்றால் திரும்பச் செய்ய வேண்டியது, அதற்கு நோட்டு உண்டு. அடிபட்டவருக்கு வசூலிக்கும்போது இது மொய்யா, உதவியா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உதவி என்று நினைத்து வாங்கியதை இரண்டு வருடம் கழித்து ஒருவர் மொய்யாகத் திருப்பிக் கேட்டால் அவரால் தாங்க முடியாது.

நலவாரியம் உதவி செய்யாதா?

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்திருந்தால் விபத்தில் மரணம் அல்லது உறுப்பு இழப்பு, பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக்கண்ணாடி என்று உதவிகள் உண்டு. ஆறு மாதம் ஆட முடியாமல் போனதற்கு வருமான ஈடு அதில் கிடையாது. அதனால்தான் செட்டுப் பங்கைப் பற்றி இவ்வளவு சொல்கிறோம். பதியாதவர்கள் தங்கள் பகுதிக்கான மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விண்ணப்பிக்கலாம். மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சி, சேலம், கோவை, காஞ்சிபுரம் ஆகிய ஊர்களில் மையங்கள் உள்ளன. பதிந்தவர்கள் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள்.

வயது 58 கடந்த, நலிந்த நிலையில் உள்ள கலைஞர் என்றால் இயல் இசை நாடக மன்றம் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. நிரந்தரமாக ஊனம் வந்துவிட்டால் அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பதுதான் கணக்கு.

ஆஸ்பத்திரியில் கூட யார் இருப்பது?

செட்டுப் பெண்களே முறை வைத்து இருக்கட்டும். கணவரை இழந்து, பிள்ளைகளோடு தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் நம்மில் அதிகம். அவர் படுக்கையில் இருக்கும்போது பிள்ளைகள் எங்கே சாப்பிடுகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்களா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். எங்கள் தவில்காரர் வீட்டு மதினி அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் பரீட்சை முடியும்வரை தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வாடகைக்கு நெருக்கினால் வாத்தியார் நேரில் போய்த் தவணை சொல்லிவிட்டு வரலாம்.

பார்க்கப் போனால் என்ன பேசுவது?

"இனிமே ஆட முடியுமோ என்னமோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த எண்ணம்தான் ராத்திரி பூரா அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கும். ஊர்க் கதை பேசுங்கள். புதிதாகப் போட்ட பாட்டு, கமிட்டிக்காரர் செய்த தகராறு, பதில் ஆளின் ஆட்டத்தில் எது இடிக்கிறது எல்லாம் சொல்லுங்கள். அவரிடம் யோசனை கேளுங்கள். எங்கள் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே, தட்டில் தாளம் போட்டுப் பதில் ஆளுக்கு இரண்டு அடவு சொல்லிக்கொடுத்தார். அவர் பக்கத்து ஊரில் மேளச் சத்தம் கேட்கும் திருவிழா நாளில் யாராவது ஒருவர் அவரோடு இருங்கள். அன்றைக்குத்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

அவரே உதவி வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

சின்ன வயதிலிருந்து சொந்தக் காலில் நின்றவர் அப்படித்தான் சொல்வார். இனாம் என்று தோன்றாதபடி கொடுங்கள். ஊர்க் கமிட்டிகளுக்குப் போன் பேசுவது, தேதி குறிப்பது, கணக்கு நோட்டை வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்து செய்யும் வேலைகள் செட்டில் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை ஒப்படைத்துவிட்டு அதற்குரிய பங்கு என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

எப்போது திரும்ப ஆடலாம்?

மருத்துவர் சொல்வதுதான் முடிவு. பொதுவாக லேசான சுளுக்கு இரண்டு மூன்று வாரம். கடுமையான சுளுக்கு இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு ஆறு வாரம், பிறகு தசை பழைய வலுவுக்கு வர அதற்கு மேலும் ஆகும். முழங்கால் சவ்வுக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தால், திருகித் திரும்பும் ஆட்டத்துக்கு ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். கரகத்தில் சுழற்சியும் குனிதலும்தான் முக்கியம், அதனால் இந்தக் கணக்கை யாரும் குறைத்துக்கொள்ள வேண்டாம். பிசியோதெரபியைப் பாதியில் விடுவதுதான் எல்லோரும் செய்வது. மருத்துவமனைக்கு அழைத்துப் போய்வரச் செட்டில் ஒரு ஆள், ஒரு வண்டி இருந்தால் விடமாட்டார்கள்.

திரும்பும்போது முதலில் வெறும் நடை. அப்புறம் சலங்கை இல்லாமல் அடவு. வலியும் வீக்கமும் இல்லை என்றால் சலங்கை. கடைசியில்தான் செம்பு, அதுவும் காலிச் செம்பு. மூன்று கிலோ எடையைத் தலையில் வைத்துச் சுழலும்போது நிலையைக் காப்பாற்றுவது கணுக்காலும் முழங்காலும்தான். முதல் சில ஊர்களில் அரை மணி நேரம் மட்டும் ஆடட்டும், மீதியைப் பதில் ஆள் பார்த்துக்கொள்வார். ஏணி ஏறுவது, தரையில் கிடக்கும் ஊசியைக் கண் இமையால் எடுப்பது மாதிரியான சாகசங்கள் அந்த வருடம் வேண்டாம்.

திரும்ப ஆடவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால்?

ஆட முடியாமல் போனாலும் அவருக்குத் தெரிந்த அடவும் பாட்டும் எங்கும் போய்விடவில்லை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. கிராமிய நடனத்துக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் பகுதி நேரக் கிராமியக் கலைப் பயிற்சி மையங்களும், சிறுவர்களுக்குக் கலை சொல்லித்தரும் ஜவகர் சிறுவர் மன்றங்களும் இருக்கின்றன. இங்கெல்லாம் விண்ணப்பம் எழுதவும், கூடப் போய்ப் பேசவும் செட்டு உதவ வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்கத் தயங்குகிறவர்கள் நம்மில் அதிகம். பாட்டு, பின்குரல், உடை ஜோடனை என்று செட்டுக்குள்ளேயும் இடம் உண்டு.

இதெல்லாம் மேளக்காரர்களுக்கும் பொருந்துமா?

ஒன்று விடாமல் பொருந்தும். தவில்காரருக்கு விரல் போனாலும், நாயனக்காரருக்குப் பல் போனாலும் அதே பங்கு, அதே நோட்டு.

இனிமேல் அடிபடாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா?

களம் பாருங்கள். வெறுங்காலோடு ஆடுகிறோம், தார் ரோட்டிலும் சிமெண்டுத் தளத்திலும் ஆடுகிறோம். எங்கள் செட்டில் உறுமிக்காரர் ஒருவர் மேளம் கட்டுவதற்கு முன்னால் டார்ச் லைட்டோடு களத்தை ஒரு சுற்றுக் குனிந்தபடியே வருவார். பாட்டில் சில்லு, ஜல்லி, வெடித்த வெடியின் கம்பி, சில நேரம் கம்மல்கூட அவர் கையில் வரும். மைக் வயரைக் களத்துக்குக் குறுக்கே போடவிட மாட்டார். தண்ணீர் தெளித்த இடத்தில் மண் போடச் சொல்வார். அவர் சரி என்று கை காட்டாமல் ஆட்டக்காரர்கள் இறங்குவதில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் நேராக ஆட நிற்காமல் பத்து நிமிடம் கை காலை உதறி உடம்பைச் சூடு பண்ணிக்கொள்வதும் அவசியம். குடித்துவிட்டுக் களத்துக்குள் வருகிறவர்களைத் தடுப்பது ஊர்க் கமிட்டி வேலை. அச்சாரம் வாங்கும்போதே பேசுங்கள்.

ஒரு சீசன் முழுவதும் கொடுத்தாயிற்று. இன்னும் சரியாகவில்லை. நிறுத்திவிடலாமா?

புரட்டாசியில் ஆட்டம் குறைவு, எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அப்போது அவரையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவர் இல்லாத இடத்தில் முடிவு எடுக்காதீர்கள். மருத்துவர் கடைசியாக என்ன சொன்னார், வீட்டில் வேறு வருமானம் ஏதாவது வருகிறதா, அடுத்த சீசனில் அவர் எந்த வேலையோடு செட்டில் இருக்கப் போகிறார் என்று பேசி, பங்கைக் கூட்டுவதோ குறைப்பதோ அங்கேயே நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அப்படி உட்கார்ந்தபோது எங்கள் அக்கா தன் பங்கைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். செட்டு ஒத்துக்கொள்ளவில்லை, தை வரைக்கும் அதே பங்குதான் என்று எழுதினோம்.